ஆஸ்திரேலியாவின் ‘குரல்’ வாக்கெடுப்பு தோற்றபின் என்ன நடந்தது?

2023 அக்டோபர் 14 அன்று மக்களிடம் கேட்ட கேள்வி: பூர்வகுடிகளை அரசமைப்பில் அங்கீகரித்து, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ‘குரல்’ என்ற அமைப்பு வேண்டுமா? சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். வெல்ல நாடளவில் பெரும்பான்மையோடு 6 மாநிலங்களில் 4 தேவை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தலைநகர் கான்பெரா பகுதி ஆதரித்தது, ஆனால் அது மாநிலம் அல்ல.

அன்றிரவே ஆதரவுத் தரப்புப் பூர்வகுடித் தலைவர்கள் ஒரு வார மௌனம் அறிவித்து, கொடிகளை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். பூர்வகுடிகளே விரும்பவில்லை என்று பொதுப்படச் சொல்வது தவறு. பூர்வகுடி செனட்டர் ஜெசிந்தா பிரைஸ் போன்றோர் எதிர்த்தது உண்மைதான்; ஆனால் பூர்வகுடிகள் பெரும்பான்மையாக வாழும் தொலைதூரச் சாவடிகள் பலவற்றில் ஆதரவே ஓங்கியது.

அடி உடனே விழுந்தது. சில நாட்களில் குயின்ஸ்லாந்து மாநில எதிர்க்கட்சி, மே மாதம் தானே வாக்களித்து ஆதரித்த சட்டத்துக்கான ஆதரவைக் கைவிட்டது; பூர்வகுடிகளோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்ய வழிவகுத்த சட்டம் அது. 2024இல் ஆட்சிக்கு வந்து அதை ரத்தும் செய்தது.