98,76,54,321: ஒரு பெரிய எண்ணின் வகுத்திகளைக் கையால் கண்டறிவது எப்படி?

கேள்வி: 98,76,54,321 பகா எண்ணா? இல்லையென்றால் அதற்கு எத்தனை வகுத்திகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன? 12,34,56,789 உடன் அதற்கு உள்ள மீப்பெரு பொதுக் காரணி எது? கையில் சாதாரண கால்குலேட்டர் மட்டுமே இருக்கிறது.

பதில்: இலக்கங்களைக் கூட்டினால் 45 வருகிறது, எனவே இந்த எண் 9-ஆல் வகுபடும், இது பகு எண்தான். ஆனால் வகுத்திகளை எண்ண முழுமையான பகாக் காரணிப்படுத்தல் தேவை. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 31,427. அதுவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருப்பதைக் கண்டு பலர் தொடக்கத்திலேயே மலைத்துவிடுகிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. ஒரு காரணி கிடைத்ததும் அதனால் வகுத்துவிட்டு, ஈவின் வர்க்கமூலத்தையே புதிய எல்லையாகக் கொண்டால் வேலை மளமளவெனச் சுருங்கும்.

9-ஆல் வகுக்கக் கிடைப்பது 10,97,39,369. இதன் இலக்கங்களின் கூடுதல் 47 என்பதால் 3 இனி வகுக்காது. கடைசி இலக்கம் 9 என்பதால் 2, 5 ஆகியவற்றுக்கும் இடமில்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடிக்கலாம். அவற்றின் பெருக்கற்பலன் 1001 ஆதலால், எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழித்தும் கூட்டியும் பார்க்க வேண்டும்: 369 − 739 + 109 = −261. இந்த 261 அம்மூன்றில் எதனாலும் வகுபடவில்லை. ஆகவே நம் எண்ணும் வகுபடாது.

அடுத்த பகா எண்ணான 17 மீதியின்றி வகுத்து 64,55,257-ஐத் தருகிறது. மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். 17 முடிந்தது என்று எண்ணி 19-க்குத் தாவினால், புதிய எல்லையான 2,540 வரை எந்தக் காரணியும் அகப்படாமல், 64,55,257 ஒரு பகா எண் என்ற தவறான முடிவுக்கு வந்து, வகுத்திகள் 12 என்று எழுதிவிடுவோம். மீண்டும் 17-ஆல் வகுத்தால் 3,79,721 கிடைக்கிறது. மூன்றாம் முறை 9 மீதி வருவதால் அங்கே நிறுத்தலாம். இப்போது எல்லை வெறும் 616. 19 முதல் 613 வரையுள்ள 105 பகா எண்களும் 3,79,721-ஐ வகுப்பதில்லை என்பதால் அது பகா எண்.

ஆக, 98,76,54,321 = 3² × 17² × 3,79,721. ஒவ்வொரு அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 3 × 3 × 2 = 18. அவற்றின் கூட்டுத்தொகை (1+3+9) × (1+17+289) × (1+3,79,721), அதாவது 13 × 307 × 3,79,722 = 1,51,54,70,502. இதிலிருந்து எண்ணைக் கழித்தால் வரும் 52,78,16,181 அந்த எண்ணைவிடச் சிறியது என்பதால் இது குறைவு எண் வகையைச் சேர்ந்தது.

மீப்பெரு பொதுக் காரணிக்கு இந்தக் காரணிகள்கூடத் தேவையில்லை. பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்து, பிறகு அந்தச் சிறியதைக் கிடைத்த மீதியால் வகுத்து, மீதியில்லாமல் போகும்வரை தொடரும் யூக்ளிட் முறையே போதும்; கடைசியாக வகுத்த எண்தான் விடை. 12,34,56,789-ஐ 8-ஆல் பெருக்கி 9-ஐக் கூட்டினால் 98,76,54,321 வருகிறது, அதாவது மீதி 9. அந்த 9, 12,34,56,789-ஐயும் மீதியின்றி வகுப்பதால் விடை 9.