புது டிவியும் பழைய ஹோம் தியேட்டரும்

கேள்வி: பத்து வருடமாக வைத்திருக்கும் ஹோம் தியேட்டரைப் புதிதாக வாங்கிய 43 இன்ச் ஸ்மார்ட் டிவியுடன் இணைக்க முடியவில்லை. பழைய டிவியில் மாட்டியிருந்த அதே சிவப்பு, வெள்ளை ஒயரைத்தான் மாட்டினேன். சத்தமே வரவில்லை. கடையில் கேட்டால், "அதெல்லாம் பழசு சார், சவுண்ட்பார் வாங்கிக்கோங்க" என்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக், டிவியைத் திறந்து உள்ளே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து லைன் எடுத்துத் தருவதாகச் சொல்லி 800 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். டிவியின் பின்மூடியில் ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் தொட வேண்டாம்.

இப்போதைய டிவிகளில் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பியிலும் சிக்னல் ஓடும். இரண்டில் எதுவும் எர்த் கிடையாது. ஹோம் தியேட்டருக்குப் போகும் ஒயரிலோ ஒரு கம்பி எர்த். இரண்டையும் முடிச்சுப் போட்டால் ஸ்பீக்கரை ஓட்டும் சில்லான ஆடியோ ஐசி போய்விடும். அது பெரும்பாலும் மெயின் போர்டிலேயே இருப்பதால், போர்டையே மாற்றச் சொல்வார்கள். மூடியைத் திறந்ததைக் காட்டி வாரண்டியும் இல்லை என்பார்கள். 800 ரூபாய் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். இப்படி வாயடைத்துப் போன டிவிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் ஹோம் தியேட்டரில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் ஒயர் மாட்டிய துளை, டிவிக்குள் சத்தம் போகும் வழி. வெளியே வரும் வழி அல்ல. பக்கத்தில் 'ஏவி இன்' என்று எழுதியிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பு எழுத்து, யார் கண்ணுக்குத் தெரியும்? கம்பெனி ஆள் வந்து சுவரில் இரண்டு இன்ச் இடைவெளியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார், அப்புறம் பின்னால் தலையை நுழைத்துக்கூடப் பார்க்க முடியாது. போன் கேமராவை ஃபிளாஷ் போட்டுப் பின்னால் நீட்டி ஒரு போட்டோ எடுங்கள். அதைப் பெரிதாக்கிப் படிப்பதுதான் சுலபம்.

அதில் ஹெட்போன் துளை இருந்தால் வேலை முடிந்தது. ஒரு முனையில் ஹெட்போன் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளையும் உள்ள சாதாரண ஒயர் போதும். இல்லாவிட்டால் பெரும்பாலும் 'ஆப்டிகல்' என்று ஒரு சதுரத் துளை இருக்கும். சத்தம் அதில் ஒளியாக வரும். ஹோம் தியேட்டரின் பின்பக்கமும் அதே துளை இருந்தால் நேராக ஆப்டிகல் ஒயர் போடுங்கள். இரண்டு பக்கமும் 'ஏஆர்சி' (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதிய எச்டிஎம்ஐ இருந்தாலும் ஒரே ஒயரில் முடியும். டிவி மெனுவில், இரண்டு கருவியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் எச்டிஎம்ஐ சிஇசி-யை மட்டும் ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் இதற்குப் பெயர் எனிநெட், எல்ஜியில் சிம்ப்லிங்க். ஆளுக்கு ஒரு பெயர் வைத்து நம் உயிரை வாங்குகிறார்கள்.

உங்கள் ஹோம் தியேட்டரில் சிவப்பு, வெள்ளைத் துளைதான் இருக்கிறது என்றால், டிவியின் ஆப்டிகலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கடையில் 'டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர்' என்று கேளுங்கள். சில நூறு ரூபாய்தான். இதையே திருப்பி வேலை செய்யும் 'அனலாக் டு டிஜிட்டல்' பெட்டியும் பார்க்க அச்சு அசலாக இப்படியே இருக்கும். கவுண்டரில் இருக்கும் பையன் கைக்கு வந்ததை எடுத்துத் தருவான். ஆப்டிகல் பக்கம் 'இன்', சிவப்பு வெள்ளைப் பக்கம் 'அவுட்' என்று இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். 'எச்டிஎம்ஐ டு ஏவி' பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து பழைய டிவிக்குப் படம் அனுப்ப உதவும் பெட்டி அது, உங்களுக்கு ஆகாது. தங்க முலாம் பூசிய ஆயிரம் ரூபாய் ஒயரும் வேண்டாம்.

ஆப்டிகல் ஒயரின் இரு நுனியிலும் குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே செருகிவிட்டு 'பெட்டி வேலை செய்யலை' என்று வருபவர்கள் நிறைய. டிவி பக்கம் மாட்டியதும் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். அப்புறம் டிவியின் சவுண்ட் மெனுவில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்பதை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) என்று வையுங்கள். 'ஆட்டோ', 'டால்பி' என்று விட்டால் இந்தப் பெட்டிக்குப் புரியாது. சத்தம் வராது, அல்லது கரகரவென்று இரையும்.

பிசிஎம் வைத்தால் 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கர் சத்தம், பிரிந்து வராது, இரண்டு பக்கச் சத்தம்தான் வரும். ஆறு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றால் '5.1 டிகோடர்' என்று வேறு பெட்டி இருக்கிறது, விலை கூடும். சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்க அது தேவையில்லை.

வீட்டில் கேபிள் அல்லது டிடிஎச் மட்டும்தான் ஓடுகிறது என்றால் எந்தப் பெட்டியும் வாங்க வேண்டாம். செட்டாப் பாக்ஸின் பின்னாலேயே பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை 'அவுட்' இருக்கும். படம் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகட்டும். சத்தத்தை அங்கிருந்து நேராக ஹோம் தியேட்டருக்கு எடுத்து, டிவியை மியூட்டில் வையுங்கள். யூடியூபும் பென்டிரைவும் டிவியிலிருந்து ஓடுவதால் அவற்றின் சத்தம் இதில் வராது. சின்ன பாக்ஸாக இருந்தால் சிவப்பு, வெள்ளை, படத்துக்கான மஞ்சள் என்ற மூன்று துளைக்குப் பதில் ஒரே உருண்டைத் துளை இருக்கும். அதற்கென மூன்று கலர் முனையுள்ள ஒயர் விற்கிறார்கள். அந்த ஒயரில் எந்தக் கலரில் எது வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பக்கம் பாட்டும் மறுபக்கம் 'ர்ர்ர்' என்ற இரைச்சலும் வந்தால் ஒயர் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலும் சிவப்பில் படத்தின் சிக்னல் வந்துகொண்டிருக்கும். சிவப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மஞ்சளை மாட்டுங்கள். அப்போதும் இரைந்தால் சிவப்பைப் பழையபடி மாட்டி, வெள்ளைக்குப் பதில் மஞ்சளை மாட்டிப் பாருங்கள். இது தெரியாமல் மூன்று ஒயர் வாங்கியவர்களும் உண்டு.

ஆப்டிகல் வழி போட்டால் டிவி ரிமோட்டில் சத்தம் பெரும்பாலும் கூடாது, குறையாது. இனி அதற்கு ஹோம் தியேட்டர் ரிமோட்தான். பேட்டரியை மாற்றி வையுங்கள்.