புது கேரவன் டெலிவரி எடுக்கும்போது ஷோரூமிலேயே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அடுத்த வாரம் சேலத்தில் கேரவன் (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) டெலிவரி எடுப்பதாகவும், முகூர்த்த நாள் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 'முகூர்த்தம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் நான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் என்னைப் போல வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு, சேர்த்த பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கித்தான் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் எடுத்தது ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. டீலர் வரச்சொன்னது ஒன்பதே காலுக்கு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். மாலை, எலுமிச்சம்பழம், கேக், ரிப்பன், போட்டோ என்று முக்கால் மணி நேரம் போய்விட்டது. "சார், பத்தரைக்குள்ள கேட்டைத் தாண்டிடணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பையன் காகிதங்களை நீட்டினான். ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று, 'வண்டியையும் உள்பொருத்தங்களையும் சரிபார்த்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பது. நான் குழாயைக்கூடத் திறந்து பார்த்திருக்கவில்லை.

சேர்ந்தாற்போல நாலு நாள் ஏற்காடு. கோரிமேடு, அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, நாகலூர் பக்கம் தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் நிறுத்தினோம். இரண்டாம் நாள் ராத்திரி மழை. ஐப்பசி மழையை ஏற்காட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும், விட்டு விட்டு விடிய விடியப் பெய்யும். இரண்டு மணிக்கு அம்மா மெதுவாக எழுப்பினார். "கண்ணு, மெத்தை ஈரமா இருக்குது. நான் ஒண்ணும் பண்ணலை சாமி." அம்மாவுக்கு எழுபத்தொன்று. அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டி வந்ததே என்பதுதான் இன்று வரை என்னால் தாங்க முடியாத விஷயம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரை ஏசியின் ஓரத்தில் ஒரு சொட்டு உருண்டு, படிக்கும் விளக்கின் ஒயர் வழியாகவே நகர்ந்து, பிளைவுட் மூலையில் நின்று, அங்கிருந்து மெத்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. லேமினேட்டுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்த கோடு. இரண்டு நாளில் அப்படிக் கறுக்காது. வண்டி ஷோரூம் வாசலில் நின்றபோதே நனைந்திருக்கிறது.

டீலரிடம் போனால் முதலில் "ஏசித் தண்ணியா இருக்கும் சார்" என்றார்கள். அப்புறம் அந்தக் கையெழுத்தைக் காட்டினார்கள். நான் போட்டோக்களை வைத்து எழுத்தில் புகார் கொடுத்து, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சொன்ன பிறகுதான் வண்டியை உள்ளே எடுத்தார்கள். ஏழு வாரம் ஆனது. (1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 சட்டப்படி குறை தெரிந்து 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம்.) டீலர் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். சரிசெய்து கொடுத்தார்கள், அதோடு முடிந்தது.

வண்டியைத் திரும்ப வாங்கப் போனபோது நான் தனியாகப் போகவில்லை. என் அப்பா சங்ககிரியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் ஆசாரி வேலை பார்த்தவர். அவர் இப்போது இல்லை. அவரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போனேன். அவர் கேரவனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் "பாடின்னா எல்லாம் பாடிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு ஐந்து மணி நேரம் அங்கேயே இருந்தார். நீங்கள் கேட்டதற்கான பதில் அவர் அன்றைக்குச் செய்ததுதான்.

முதலில் ஹோஸ். ஜன்னல் பீடிங் (ஓர ரப்பர்), கூரை ஓட்டைகள், ஏசி ஓரம் என்று எல்லா மூலையிலும் உள்ளே காய்ந்த செய்தித்தாளைச் செருகச் சொன்னார். வெளியே தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி மேலே போகச் சொன்னார். மேலே இருந்து அடித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிஷம். பேப்பர் காய்ந்தே இருந்தது. கார் வாஷ் கன்னால் இரண்டு நிமிஷம் அடித்துக் காட்டுவது சோதனை ஆகாது.

அடுத்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். பம்ப் நின்றது. எல்லாரும் கிளம்பத் தயாரானார்கள். அவர் மட்டும் சீட் பலகையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நிமிஷம் கழித்து 'டுக்' என்று ஒரு சத்தம். மறுபடி நாலு நிமிஷத்தில் இன்னொன்று. குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது பம்ப் தானாக ஓடினால் எங்கோ அழுத்தம் குறைகிறது, அதாவது கசிகிறது. சிங்க்குக்கு அடியில் கையை விட்டால் ஒரு கிளாம்ப் லூஸ். ஏழு வாரம் பட்டறையில் இருந்து வந்த வண்டி அது.

கேஸ் ஜாயின்ட்டில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், அது எல்லாரும் செய்வதுதான். ஆனால் தரையில் இருக்க வேண்டிய காற்று ஓட்டையைத் தேடினார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், வெளியேறவும் அங்கேதான் வழி வேண்டும். ஓட்டை இருந்தது. அதன் மேல் அழகாக ஒரு மேட் ஒட்டியிருந்தார்கள். பிரித்து எடுக்க வைத்தோம்.

ஏசி பேட்டரியில் ராத்திரி முழுக்க ஓடும் என்று விற்பனையின்போது சொல்லியிருந்தார்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ஏறக்குறைய 2400 வாட் மணி நேரம். ஏசி 1200 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்தான். பள்ளிக்கூடக் கணக்கு இது. வெளி மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

காகிதங்களில் மூன்று விஷயம். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரு சமயம் தயாராகும், பாடி பல மாதம் கழித்து ஏறும். அதனால் பில் தேதியை நம்பாமல் டயரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ல் 23-வது வாரம். பதிவு இல்லாமல், தற்காலிகப் பதிவுகூட இல்லாமல், டீலர் வண்டியைக் கொடுக்கவே கூடாது, மத்திய மோட்டார் வாகன விதி 42. கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை இருக்கிறது, அந்த ஒப்புதல் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். "பழைய வேனை வாங்கி நாமே மாற்றினால் பாதி விலைதானே" என்று எனக்குப் பலர் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அம்மாவை வைத்துக்கொண்டு அந்த ரிஸ்க் எனக்கு வேண்டாம்.

கடைசியாகத் தொட்டியை நிரப்பியபடியே எடை மேடைக்குப் போனோம். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதன் மேல் ஆட்கள், மெத்தை, பாத்திரம், சிலிண்டர். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையோடு எடை மேடைச் சீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது வளைவும் இறங்கி வரும்போது பிரேக் பிடிப்பது அந்த எடையைத்தான்.

"இவ்வளவு பணத்துக்கு ஒரு இடம் வாங்கிப் போட்டிருக்கலாமே, ஊர் சுற்ற இது தேவையா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது. எங்காவது வெளியூர் என்றால் முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். குலதெய்வம் கோயிலுக்குப் போய் வருவதற்குள் உதடு வெடித்திருக்கும். நான் போன பேருந்து நிலையங்களில் உட்காரும் கழிப்பறை இருந்தால் அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியாது. மலைக்கு வரும் அத்தனை பெண்களும் ஓட்டல் ஓட்டலாகக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். செல்ஃபி எடுக்க மேடை கட்டும் பணத்தில் ஒரு கைப்பிடி வைத்த கழிப்பறை கட்ட முடியாதா? எனக்கு ஆத்திரம் வருகிறது. நான் இந்த வண்டியை எடுத்ததே அதற்காகத்தான். இப்போது அம்மா வழி முழுக்கத் தண்ணீர் குடிக்கிறார்.

நான் மெக்கானிக் இல்லை, தெரிந்தவர்கள் திருத்தினால் சந்தோஷம். நல்ல நேரம் பார்ப்பது தப்பு என்றும் சொல்லவில்லை, நானும் பார்ப்பவன்தான். பூஜையையும் கையெழுத்தையும் ஒரே வேளையில் வைக்காதீர்கள். முந்தின நாள் மத்தியானமே போய் எல்லாவற்றையும் சோதித்து, குறைகளைத் தேதியோடு எழுதி, அவர்கள் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மறுநாள் நிம்மதியாக மாலை போடலாம். ஹோஸ் இல்லை என்று சொல்வார்கள், எங்களிடமும் சொன்னார்கள். அரை இன்ச், பதினைந்து மீட்டர் நீங்களே எடுத்துப் போங்கள், குழாயில் மாட்ட ஒரு கிளாம்ப்போடு.