எடுத்து வைத்த பருத்தி விதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் பருத்தி போடுகிறோம். போன வருஷம் நன்றாகக் காய்த்த ஒட்டுப் பருத்தியில் இருந்து அப்பா விதை எடுத்து வைத்து விதைத்தார். ஒரு செடி மாதிரி இன்னொன்று இல்லை. மறுமுறை சரியாக வரக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் விதையில் ஏதோ செய்துவிடுகிறார்கள் என்கிறார்கள். உண்மையா?

க.

அன்புள்ள க.,

அப்படி எதுவும் செய்வதில்லை, செய்யத் தேவையும் இல்லை.

ஒட்டு விதை என்பது இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து எடுத்தது. முதல் தலைமுறையில் எல்லாச் செடிக்கும் ஒரே கலவை, அதனால் வயல் சீராக நிற்கும். அந்தச் செடி பூக்கும்போதுதான் விஷயம் மாறுகிறது: மகரந்தமும் சூலும் உருவாகும் நேரத்தில் குரோமோசோம்கள், அதாவது செடியின் குணங்களைச் சுமக்கும் மரபு இழைகள், ஜோடி சேர்ந்து (நம் அமெரிக்கப் பருத்தியில் 26 ஜோடி) தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, ஒவ்வொரு மகரந்தத் துகளும் வேறு வேறாகிவிடுகிறது. அப்படிச் சேர்ந்து உண்டான விதையைத்தான் அப்பா விதைத்தார். காய்ப்புழுவைத் தடுக்கும் பிடி மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் நாலில் ஒரு செடிக்கு அது கிடைத்தே இருக்காது.

ஆனால் உங்கள் வயலைக் கெடுத்த இதே கலப்புதான் புது ரகங்களையும் தருகிறது. கோவையில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைச் சேர்த்து, பிரிந்து வந்த செடிகளில் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததுதான் 1974-ல் வந்த சுவின் ரகம். அது லேசான வேலை இல்லை. நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சேர்ந்தே வரும், நடுவில் அறுபடுவது அபூர்வம். அமெரிக்காவில் பீஸ்லி என்ற ஆராய்ச்சியாளர் மூன்று பருத்தி இனங்களைக் கலந்து வலுவான இழை கொண்ட செடியை உண்டாக்கினார், கூடவே குறைந்த மகசூலும் வந்தது. அந்தப் பிணைப்பைத் தளர்த்த தென் கரோலினாவில் திரும்பத் திரும்பக் கலந்து, பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். இந்தப் பொறுமைக்குப் பொதுப் பணம் இன்னும் நிறைய போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒட்டு விதை விலை அதிகமாக இருப்பதற்குக் கைவேலையும் ஒரு காரணம். 1970-ல் சூரத்தில் சி.டி. படேல் எச்-4 என்ற ஒட்டுப் பருத்தியைக் கொண்டுவந்ததில் இருந்து பெரும்பாலும் அதே முறைதான்: சாயங்காலம் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நகத்தால் எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஆண் பெற்றோராக வைத்த ரகத்தின் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும், அதுவும் பூப் பூவாக. இதில் குழந்தைகளை இறக்கிய கொடுமையும் இந்தியாவில் நடந்திருக்கிறது, அதை நாம் மறக்கக்கூடாது.

விதை எடுத்து வைக்க ஆசை என்றால் ஒட்டு வேண்டாம், ரகமாக வாங்குங்கள். மானாவாரிக்குக் கோவில்பட்டி கேசி 3 ரகம் இருக்கிறது. பருத்தி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் போகாது. கொண்டுபோவது தேனீதான். அதனால் விதைக்கென்று சில நல்ல செடிகளைத் தேர்ந்து, மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியை முதல்நாள் சாயங்காலமே நூலால் கட்டிவிடுங்கள். இதழ் விரியாது, தன் மகரந்தமே விழும். அந்தக் காம்பிலும் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள், எடுக்கும்போது அந்தக் காய்களை மட்டும் தனியாக எடுங்கள்.