போயர்புல் குட்டி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் திருட்டு அதிகம். தென்னாப்பிரிக்காவின் பெரிய காவல் நாய் இனமான போயர்புல் குட்டிதான் வேண்டுமென்று பையன் ஒரே பிடிவாதம். முற்றம் ரொம்பச் சின்னது, நானும் கணவரும் காலை 6 மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவோம். வாங்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போயர்புல் வேண்டாம் அம்மா. குட்டியாக இருக்கும்போது மடியில் சுருண்டு தூங்கும், இரண்டு வயதில் 60, 70 கிலோவுக்கு வளர்ந்து நிற்கும், அதைச் சங்கிலியில் பிடித்து நடத்த உங்கள் பையனால் முடியுமா? நாள் முழுக்கத் தனியாகக் கட்டிப்போட்ட நாய் காவலும் காக்காது, குரைத்துக் குரைத்துப் பக்கத்து வீட்டாரோடு சண்டைதான் இழுத்து வைக்கும்.

எந்த நாயாக இருந்தாலும் செலவு விலையோடு முடியாது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் ஒழியவில்லை. குட்டிக்கு 3 மாத வயதில் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம், ஒரு வருடத்துக்குள் இன்னொன்று, அப்புறம் 3 வருடத்துக்கு ஒருமுறை. உண்ணி கொண்டுவரும் பிலியரி என்ற இரத்த நோய் இன்னொரு தலைவலி. எங்கள் நாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றை முகர்ந்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து சுவரேறி ஓடும் நாய்களும் உண்டு, அன்றைக்கு வீட்டில் ஆள் வேண்டும்.

இவ்வளவுக்கும் சரி என்றால், காப்பகத்தில் கருத்தடை செய்த, ஓரளவு வளர்ந்த, நடுத்தர அளவு நாயாகப் பாருங்கள். பையனையும் கூட்டிப்போங்கள். தினமும் முற்றத்தை அள்ளிக் கழுவப்போவது யார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.