மேக்புக் கேட்டால் மேனேஜர் முறைக்கிறார்!

கேள்வி: சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்றில் ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுதும் கருவி) மொபைல் ஆப் எழுதுகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள், எமுலேட்டரை (கணினிக்குள்ளேயே ஓடும் மாதிரி போன்) திறந்தாலே திணறுகிறது. மேக்புக் கேட்டால், "அதெல்லாம் பந்தாவுக்கு வாங்குறது" என்கிறார் மேனேஜர். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் ஆப் ஐபோனுக்கும் போகிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் என்றால், மன்னிக்கவும், நான் மேனேஜர் கட்சி. ஸ்லாட் இருந்தால் ரேமை 16 ஜிபி ஆக்கித் தரச் சொல்லுங்கள், பாதித் தொல்லை தீரும்.

ஐபோனுக்கும் என்றால் கதையே வேறு. அதற்கு பில்டு எடுக்க, அதாவது எழுதிய கோடை ஓடும் ஆப்பாக மாற்ற, ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும், வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் சேவைகள்கூட உள்ளே மேக்கைத்தான் வைத்திருக்கின்றன. இதில் பந்தா எங்கே வந்தது?

ஆனால் இதை வாயால் சொல்லிப் பயனில்லை. ஒரு வாரம் பில்டு நேரத்தைக் குறித்து வையுங்கள், டாஸ்க் மேனேஜரில் ரேம் நிரம்பி நிற்கும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆபீஸிலேயே யாரிடமாவது நல்ல மெஷின் இருந்தால் அதே புராஜெக்டை அதில் ஓட்டிப் பாருங்கள் (நண்பர் வீட்டு மெஷினில் வேண்டாம், கம்பெனி கோடு அது). ஒரு பில்டுக்கு 4 நிமிடம் வித்தியாசம், நாளைக்குப் பத்து பில்டு என்றால் 40 நிமிடம் உங்கள் சம்பளத்தில் போகிறது. மேனேஜருக்கு உறைப்பது அதுதான்.

அப்புறம் விலை. ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று மொத்தமாகச் சொன்னால் யாருக்கும் மயக்கம்தான் வரும். எப்படியும் உங்களுக்கு அறுபதாயிரத்தில் ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கத்தானே போகிறார்கள்? நீங்கள் கேட்பது மீதி அறுபதாயிரம். கம்பெனிகள் சட்டப்படி லேப்டாப்பின் ஆயுள் பொதுவாக 3 வருடம், 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,667 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியுமா என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு வையுங்கள். ரேமை ஆரம்பத்திலேயே 16 ஜிபியாவது கேளுங்கள், மேக்புக்கில் பிறகு ஏற்ற முடியாது.

2016இல் ஐபிஎம் ஒரு கணக்கு சொன்னது, பிசியை விட ஒரு மேக்கில் நான்கு வருடத்துக்கு 273 முதல் 543 டாலர் வரை மிச்சம் என்று. அதை மெயிலில் ஒட்டி அனுப்பத் தோன்றும், வேண்டாம். அது சொல்லப்பட்டது மேக் நிர்வாக மென்பொருள் விற்கும் ஜாம்ஃபின் மாநாட்டில். தவிர, ஆயிரக்கணக்கில் மேக் வாங்குகிறவர்கள் கணக்கு சின்ன ஆபீஸுக்கு எப்படிப் பொருந்தும்?

பல இடங்களில் விலையை விடப் பெரிய தடை சிஸ்டம் அட்மின். விண்டோஸ் மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு ஒரே ஒரு மேக் வந்தால் வேலை கூடும், அவர் "சப்போர்ட் பண்ண முடியாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் உங்கள் கோரிக்கை அங்கேயே காலி. அதனால் மேனேஜருக்கு முன்னால் அவரிடம் போங்கள். வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழையும் விபிஎன் ஓடுமா, ஆன்டிவைரஸ் லைசென்ஸ் மேக்குக்கும் செல்லுமா, டிஸ்க் என்கிரிப்ஷனை (டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) எப்படிக் கண்காணிப்பார் என்று அவரிடமே கேட்டு, பதிலை மெயிலில் சேருங்கள்.

"டீமுக்கே ஒரு மேக் மினி வாங்கித் தருகிறேன்" என்று மேனேஜர் இறங்கி வரலாம் (மேக் மினி என்பது திரை இல்லாத சின்ன டெஸ்க்டாப் மேக்). ஐபோன் பில்டு எப்போதாவதுதான் என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்த லேப்டாப்பிலேயே ஆபீஸ் வேலை பார்க்கலாமா? மேனேஜர் வாய்மொழியாக "சரி" என்கிறார்.
- வாசகர், திருச்சி

பதில்: வாய்மொழி போதாது, மெயிலில் வாங்குங்கள். கம்பெனியின் நிர்வாக மென்பொருளை முழுதாக ஏற்றினால், வேலையை விடும் நாளில் மொத்த மெஷினையும் தூரத்தில் இருந்தே அழிக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கும். குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றனவா?