சபையில் டீக்கனாக இருந்த அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் மகன் என்ன பேசலாம்?

"சபையின் தூண்", "ஜெப வீரர்" என்று ஒரு தாள் நிறைய எழுதிவிட்டு, இதில் அப்பாவையே காணோமே என்று உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அப்பாவும் டீக்கன்தான். இல்லையென்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன்.

சிஎஸ்ஐ, கத்தோலிக்க நண்பர்கள் "டீக்கன் என்றால் குருப்பட்டத்துக்கு முந்தின படியாயிற்றே" என்று சண்டைக்கு வர வேண்டாம். உங்களிடம் பெரும்பாலும் அப்படித்தான். எங்களுடையது அயனாவரம் பக்கம் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை. எங்கள் டீக்கன் சபையார் தேர்ந்தெடுக்கிறவர். சம்பளம் கிடையாது, வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்க்க வேண்டும்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா நர்ஸ், அடிக்கடி நைட் டியூட்டி. அதனால் எனக்கும் தங்கைக்கும் காலையில் தலை பின்னிவிட்டது அப்பாதான். என்ன சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனையோடு அந்தக் கை காதோரம் வரும். போல்ட் முடுக்குகிற மாதிரி இழுத்துக் கட்டுவார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும், ஆனால் பள்ளிக்கூடம் விடுகிறவரை ரிப்பன் அவிழாது. இடது பின்னல் மட்டும் எப்போதும் வலதைவிட ஒரு விரல் மேலே நிற்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சைச் சாறும் பகிர்கிற ஆராதனை. எங்கள் சபையில் ஒயின் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி அப்பாவே பன்னீர் திராட்சையைக் காம்பு ஆய்ந்து, வேகவைத்து, மத்தால் மசித்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுவார். சாறு பாட்டிலுக்குப் போகும். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுச் சர்க்கரை போட்டுப் பிழிந்து எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர். "எங்களுக்கு ஏன் ரெண்டாவது சாறு?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள். "முதல் சாறு ஆண்டவருக்கு. இது டீக்கன் பிள்ளைங்களுக்கு" என்றார். ஆனால் அந்த முதல் சாற்றிலிருந்தே ஒரு டம்ளர் எடுத்து, டியூட்டி முடிந்து வரும் அம்மாவுக்கென்று தட்டுப் போட்டு மூடி வைப்பார். சரியா தப்பா என்று வேத பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

அடக்க ஆராதனையில் வரிசையாக வந்து பேசினார்கள். காணிக்கை எண்ணினது, விதவைகளின் வீட்டுக்குச் சைக்கிளில் அரிசி கொண்டுபோனது, ஆலயம் கட்டும்போது மண் சுமந்தது. ஒன்றும் பொய்யில்லை. அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, "குடும்பத்தைக்கூடப் பார்க்காமல் சபைக்காக ஓடினவர்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், கூட்டமும் ஆமென் போட்டது. முன்வரிசையில் இருந்த அம்மா என் பக்கம் குனிந்து, "இவர் யாரைச் சொல்றார்?" என்றார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்ற முறையீட்டால்தான் பைபிளில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். டீக்கன் ஊழியத்தின் தொடக்கமாக எங்கள் ஆட்கள் அதைத்தான் காட்டுவார்கள். சோறு போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற வேலை. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரமோ, பிள்ளைகளையும் சொந்த வீட்டையும் நன்றாக நடத்துகிறவனாக இருந்தால்தான் இந்த வேலைக்கு எடு என்கிறது. வீட்டைப் பார்க்காதவர் என்பது எப்படி ஐயா புகழ்ச்சியாகும்?

எல்லா டீக்கன் வீடும் எங்கள் வீடு மாதிரி என்று சொல்லவில்லை. சபையே கதியென்று கிடந்த அப்பாவின் பிள்ளைகள் ஏங்கிப்போனதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் கதை அப்படியென்றால் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். வீட்டில் அவர் என்னவாக இருந்தாரோ அதைச் சொல்லுங்கள். சபைக் கதையைச் சொல்லச் சபையில் ஆள் இருக்கிறது. கோபக்காரர் என்றால் அதையும் ஒரு வரி சொல்லலாம், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். இப்போது எல்லா இடத்திலும் பாட்டு வரிகள் திரையில் சூரிய உதயப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் ஓடுகின்றன. எழுபது வயதுக்காரர்கள் வாய் மூடி நிற்கிறார்கள். கீபோர்டு சத்தத்தில் கீர்த்தனையின் ராகமே தெரிவதில்லை. சொன்னால் நமக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். ஆகட்டும், பாட்டு காதில் விழ வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். அம்மா இருந்தால் முந்தின நாளே வாசித்துக் காட்டுங்கள், தேதி, ஊர்ப் பெயர் தப்பையெல்லாம் அவரே திருத்துவார். அப்புறம் பேசுகிறவர்கள் பட்டியலில் உங்கள் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள். கடைசியில் வைத்தால் பெரியப்பா சித்தப்பாக்கள் மைக்கை விடுவதற்குள் பிரியாணி ஆறிவிடும், உங்களைக் கேட்க ஆள் இருக்காது.